பாட்டி பாடிய கும்மிக்கு அடிக்குறிப்பு எழுதலாமா?

கேள்வி:

ஐயா, வணக்கம். சேலம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) சேலம் மாவட்டம் பட்ட பாட்டைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். முதல் வரைவைக் கொடுத்தபோது, என் நெறியாளர் பக்கத்துக்குப் பக்கம் 'ஆதாரம் எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளில் போட்டுப் பார்த்ததில் 38 விழுக்காடு ஒப்புமை என்று வந்திருக்கிறது. நான் எதையும் அப்படியே எடுக்கவில்லை, சொற்களை மாற்றித்தான் எழுதினேன். பார்த்த இணையதளங்களின் முகவரிகளைக் கடைசிப் பக்கத்தில் கொடுத்திருக்கிறேன். இதற்கு மேல் ஆதாரத்துக்கு எங்கே போவது? என் பாட்டிக்குப் பஞ்சத்தைப் பற்றி ஒரு கும்மிப் பாட்டு தெரியும். அதை ஆய்வில் சேர்த்தால் சிரிப்பார்களா? வரைவிலிருந்து நான்கு பக்கங்களை இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

நான்கு பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். 32 ஆண்டுகள் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஆய்வேடு கொடுக்க வேண்டிய கடைசி வாரத்தில் கண் கலங்கி நூலகக் கவுண்டருக்கு வந்து நின்ற பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் வரைவு நிலையிலேயே எழுதிக் கேட்டது நல்லதாயிற்று.

முதலில் அந்த 38 விழுக்காட்டுப் பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள். கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை இருந்தால், ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கச் சொல்வார்கள். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியையும் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகிவிடும். உங்கள் கையில் இருப்பதோ இன்னும் சமர்ப்பிக்காத வரைவு. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கிறதா என்று துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை ஆகியவற்றை ஒப்புமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. உங்கள் அறிக்கையில் இவற்றை நீக்கிவிட்டுத்தான் 38 வந்ததா என்பதையும் பாருங்கள்.

அதோடு அந்த எண்ணை மறந்துவிடலாம். மென்பொருளுக்குத் தெரிந்தது சொல்லும் சொல்லும் பொருந்துகிறதா என்பது மட்டும்தான். ஓர் ஆங்கில நூலின் பத்தியைத் தமிழாக்கி, உங்கள் சொந்தச் சிந்தனைபோல வைத்துவிட்டால் அது பெரும்பாலும் கண்டுபிடிக்காது. ஆனால் அது களவுதான். அதே பத்தியை மேற்கோள் குறிக்குள் இட்டு, யார் சொன்னது, எந்த நூல், எந்தப் பக்கம் என்று காட்டியிருந்தாலும் சில வேளை சிவப்பாகக் காட்டிவிடும். அதில் குற்றம் எதுவும் இல்லை. உங்கள் கவனம் முழுவதும் நெறியாளர் எழுதிய 'ஆதாரம் எங்கே?' என்ற கேள்வியின் மேல் இருக்கட்டும். 'இது உனக்கு எப்படித் தெரிந்தது? நீ போன வழியே நானும் போய்ப் பார்க்க முடியுமா?' என்று அவர் கேட்கிறார். அடிக்குறிப்பு இருப்பது அந்த வழியைக் காட்டத்தான்.

உங்கள் இரண்டாம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 'பஞ்சத்தில் சேலம் மாவட்ட மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குறிப்பிட்டிருந்த தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். வாக்கியம் இருக்கிறது, அதற்கு ஆதாரம் இல்லை. அதே வாக்கியம், அதே எழுத்துப் பிழையோடு, வேறு இரண்டு தளங்களிலும் இருக்கிறது. மூன்று இடத்தில் பார்த்தால் மூன்று சாட்சி என்று நமக்குத் தோன்றும். ஒருவர் எழுதியதை மற்ற இருவர் பெயர்த்தெழுதியிருந்தால் அது ஒரே சாட்சிதான், அந்தச் சாட்சியும் தனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை.

இப்போது வேறு வழியில் போவோம். 1871-இலும் 1881-இலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. பஞ்சம் 1876 முதல் 1878 வரை, இரண்டுக்கும் நடுவில். சேலம் மாவட்டத்தில் 1871-இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர், 1881-இல் சுமார் 16 லட்சம் பேர். குறைவு 3 லட்சத்து 67 ஆயிரம். அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மூன்றில் ஒரு பங்கு என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

சரி, 'ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர்' என்று மாற்றி எழுதிவிடலாமா? அதுவும் கூடாது. குறைந்தவர்கள் எல்லோரும் இறந்தவர்கள் அல்லர். பஞ்சம் பிழைக்க ஊரை விட்டுப் போனவர்கள் உண்டு. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு அந்த ஆண்டுகளில் ஏராளமானவர்கள் தென் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்தார்கள். பஞ்ச காலத்தில் பிள்ளைப்பேறும் குறைந்துபோகும். இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 1871-க்கும் 1876-க்கும் இடையில் மக்கள்தொகை கூடியிருக்கும். ஆகவே உண்மையான இழப்பு, இரண்டு கணக்கெடுப்புகளின் வித்தியாசத்தைவிட அதிகமாகவும் இருந்திருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம் அன்று. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நாமக்கல்லும் திருப்பத்தூரும் அதற்குள் இருந்தன. இன்றைய மாவட்ட வரைபடத்தை அட்டையில் போட்டுக்கொண்டு அன்றைய எண்ணை உள்ளே எழுதினால், படிப்பவர் ஏமாந்துபோவார்.

ஆகவே உங்கள் வாக்கியம் இப்படி இருக்கலாம்: 'அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871-க்கும் 1881-க்கும் இடையில் ஏறத்தாழ 19 விழுக்காடு குறைந்தது. இக்குறைவில் இறப்புக்கு உள்ள பங்கைப் பிறப்புக் குறைவிலிருந்தும் இடப்பெயர்ச்சியிலிருந்தும் பிரித்தறிய வேண்டும்.' இதன் கீழே இரண்டு கணக்கெடுப்பு அறிக்கைகளையும் பக்க எண்ணோடு குறியுங்கள். பழைய வாக்கியத்தைவிட இதில் உரத்த குரல் குறைவுதான். ஆனால் யார் வந்து சோதித்தாலும் நிற்கும். உங்கள் ஆய்வின் அடுத்த இயலுக்குரிய கேள்வியும் இதிலேயே பிறந்துவிட்டது: போனவர்கள் எத்தனை பேர், எங்கே போனார்கள்?

அதே பக்கத்தில் இன்னொரு வரி: 'பஞ்சத்தின் கொடுமையை அன்றைய சுதேசமித்திரன் நாள்தோறும் வெளியிட்டு வந்தது.' சுதேசமித்திரன் தொடங்கியதே 1882-இல்தான், அதுவும் வார இதழாக. பஞ்சம் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 'தி இந்து' தொடங்கியது 1878 செப்டம்பரில். இந்த வரியை நீங்கள் கற்பனையாக எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், எங்கோ படித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் ஆய்வேட்டில் அடிக்குறிப்பில்லாமல் வந்துவிட்டால், அந்தப் பிழைக்கு நீங்களே உரிமையாளர் ஆகிவிடுகிறீர்கள். அந்த நாளைய பத்திரிகைக் குரல் வேண்டுமென்றால் மெட்ராஸ் மெயில், மெட்ராஸ் டைம்ஸ் போன்றவற்றில் தேட வேண்டும். சுதேச மொழி இதழ்கள் எழுதியவற்றை ஆங்கிலத்தில் சுருக்கி அரசு தன் பார்வைக்காகத் தொகுத்துவைத்த அறிக்கைகளும் உண்டு. அவை மிகப் பயன்படும். ஆனால் அங்கே நீங்கள் படிப்பது தமிழ் இதழின் குரலை அரசு மொழிபெயர்ப்பாளர் கேட்ட விதத்தில்தான். அதையும் குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

இனி, எங்கே போவது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் இலக்கணக்காரர்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆய்வில் கையில் கிடைக்கும் ஒவ்வொரு நூலிடமும் 'நீ முதல்நூலா, வேறொன்றிலிருந்து வந்த வழிநூலா?' என்று கேட்டுப் பழகுங்கள். உதாரணமாக, சேலம் மாவட்டத்துக்கு ரிச்சர்ட்ஸ் தொகுத்த கெஜட்டியர், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பு, 1918-இல் வந்தது. பஞ்சம் நடந்து நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதியது அது. அதற்கு முன்பே 1883-இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு இருக்கிறது. அவர் பஞ்சத்துக்கு நெருக்கத்தில் இருந்தவர். அவருக்கும் அடியில் இருப்பவை சேலம் கலெக்டரின் கடிதங்கள். 1918-இல் நிற்காமல் 1883-க்கு இறங்குங்கள், முடிந்தால் கடிதங்களுக்கும் இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று சுருங்கியிருப்பதையும், ஏதோ ஒன்று விடுபட்டிருப்பதையும் நீங்களே காண்பீர்கள்.

வீட்டில் உட்கார்ந்தபடியே பாதி வேலை முடியும். பதிப்புரிமைக் காலம் கடந்த பழைய ஆங்கில நூல்கள் பல, 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் முழுப் பக்கப் படங்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. வில்லியம் டிக்பி 1878-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட 'தி ஃபேமின் கேம்பெயின் இன் சதர்ன் இந்தியா' உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையத்தின் 1880 அறிக்கையும் வேண்டும். தமிழ் நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இலங்கைக்குப் போனவர்களைத் தொடர வேண்டுமென்றால் 'நூலகம்' திட்டத்தின் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். முன்பு யாராவது இதே பொருளில் முனைவர் பட்ட ஆய்வு செய்திருக்கிறார்களா என்பதை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான 'சோத்கங்கா'வில் தேடுங்கள். ஆய்வேட்டைக் கண்டால் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். நல்ல ஆய்வாளரின் நூற்பட்டியல், நமக்கு முன்னால் அந்தக் காட்டுக்குள் போனவர் விட்டுச்சென்ற ஒற்றையடிப் பாதை. விக்கிப்பீடியாவையும் அப்படித்தான் பயன்படுத்த வேண்டும். கட்டுரையைப் படித்துவிட்டுக் கீழே உள்ள சான்றுகளுக்குப் போங்கள், அந்தச் சான்றுகளைத் திறந்து படியுங்கள், மேற்கோள் காட்டுவது அவற்றையே.

தேடும்போது ஒரு சிறு சங்கடம் வரும். ஊர்ப் பெயர்களை அன்று ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள். திருச்செங்கோடு 'டிரிச்செங்கோடு' ஆகியிருக்கும். ஒரு கூட்டலில் கிடைக்கவில்லை என்றால் 'தகவல் இல்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அப்படி எழுதிப் பார்க்கும் பழைய கூட்டல்களை எல்லாம் ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மறுபாதி வேலைக்குச் சென்னைக்கு ஒரு முறையாவது போய்வர வேண்டும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கிருந்து எட்டும் தூரத்திலேயே, 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த நூல்களிலிருந்து வளர்ந்த அந்த நூலகத்தில், பெரிய நூலகங்கள் ஒதுக்கிய சில்லறை வெளியீடுகளும் மலிவுப் பதிப்புகளும் இருக்கின்றன. உங்கள் பாட்டியின் பாட்டுக்காகவே நீங்கள் அங்கே போக வேண்டியிருக்கும், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். புறப்படும் முன் நெறியாளரிடமும் துறைத் தலைவரிடமும் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பென்சில் எடுத்துப் போங்கள், பழைய தாள்களுக்குப் பக்கத்தில் பேனா திறக்கக் கூடாது. படம் எடுக்கலாமா என்பதை ஒவ்வோரிடத்திலும் முதலில் கேளுங்கள்.

ஆவணக் காப்பகத்தில் உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் வருவாய்த் துறை ஆவணங்கள். கலெக்டர் எழுதிய கடிதம் வருவாய் வாரியத்துக்குப் போகும். வாரியம் தன் கருத்தைச் சேர்த்து அரசுக்கு அனுப்பும். அரசு உத்தரவு போடும். இவை சேர்ந்து ஒரே கட்டில் கிடைப்பதுண்டு. ஆண்டுவாரியாக உள்ள அட்டவணைத் தொகுதிகளைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடித்த பிறகே ஆவணத்தைக் கேட்க முடியும். கட்டு கைக்கு வந்ததும் முதல் வேலை படிப்பது அன்று. துறை, உத்தரவு எண், தேதி ஆகிய மூன்றையும் குறிப்பேட்டின் தலைப்பில் எழுதுங்கள், பிறகு படியுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் சொந்த முதுகலை ஆய்வேட்டுக்காக ஒரு நூலிலிருந்து அருமையான மேற்கோள் ஒன்றைப் பெயர்த்தெழுதிக்கொண்டு ஊர் திரும்பினேன். பக்க எண்ணைக் குறிக்கவில்லை. அதற்காகவே திருச்சியிலிருந்து இரவு பஸ் பிடித்து மறுபடி போனேன். நூல் பைண்டிங்குக்குப் போயிருந்தது. அந்த மேற்கோளை எடுத்துவிட்டுத்தான் ஆய்வேட்டைக் கொடுத்தேன். இன்றும் அந்த இயலைப் புரட்டினால் அந்த இடத்தில் என் கண் நின்றுவிடும்.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த இடம். 'அப்படியே எடுக்கவில்லை, சொற்களை மாற்றித்தான் எழுதினேன்' என்கிறீர்கள். பெரும்பாலான மாணவர்கள் நல்ல மனத்தோடு தவறு செய்வது இங்கேதான். ஒரு சிறு சோதனை செய்வோம். ஒரு நூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், சோதனைக்காக நானே எழுதியது: 'பஞ்ச நிவாரண வேலைகள் மக்களைக் கூலி காட்டி அழைத்தன, ஆனால் அந்தக் கூலி ஒரு வயிற்றைக்கூட நிரப்பவில்லை.' இதை ஒரு மாணவர் இப்படி மாற்றுகிறார்: 'பஞ்ச நிவாரணப் பணிகள் ஜனங்களை ஊதியம் காட்டிக் கூப்பிட்டன, எனினும் அந்த ஊதியம் ஒரு வயிற்றுக்கும் போதவில்லை.' வேலை பணியாகிவிட்டது, கூலி ஊதியமாகிவிட்டது. வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது, சிந்தனையும் அந்த ஆசிரியருடையதுதான். வேறு சட்டை போட்டுவிட்டதால் பிள்ளை நம்முடையதாகிவிடாது.

இதற்கு இரண்டு நேரான வழிகள் உண்டு. ஆசிரியரின் சொல்லே முக்கியம் என்றால் மேற்கோள் குறியிட்டு அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். கருத்து மட்டும் போதும் என்றால் நூலை மூடிவைத்துவிட்டு, உங்கள் வகுப்புத் தோழிக்கு விளக்குவதுபோல எழுதுங்கள்: 'நிவாரண வேலைக்கு வந்தவர்களின் பட்டினி தீரவில்லை, தள்ளிப்போனது மட்டுமே நடந்தது என்று இந்த ஆசிரியர் கருதுகிறார்.' இதற்கும் அடிக்குறிப்பு வேண்டும். சொல் உங்களுடையதாக இருந்தாலும் கருத்து அவருடையது. 'கருதுகிறார்' என்ற ஒரு சொல் போட்டுவிட்டால், அடுத்த வரியில் 'எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்று சொல்ல உங்களுக்கு இடம் பிறக்கிறது. ஆய்வு என்பது அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சான்று காட்டினால் தன் உழைப்பு சிறுத்துப் போகும் என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். எது அவர் சொன்னது என்று தெரிந்தால்தான், எது நீங்கள் சொன்னது என்பது தேர்வாளர் கண்ணில் படும்.

குறிப்பு எடுக்கும்போதே இதைப் பிரித்துவைத்தால் பின்னால் குழப்பம் இல்லை. ஆசிரியரின் சொற்களை மேற்கோள் குறிக்குள் மட்டுமே எழுதுங்கள். சுருக்கத்தைக் குறி இல்லாமல் எழுதுங்கள். உங்களுக்குத் தோன்றியதை வேறு நிற மையில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துக் குறிப்பேட்டைத் திறக்கும்போது எது யாருடையது என்று நினைவிருக்காது, மையின் நிறம் சொல்லிவிடும். ஆங்கிலத்திலிருந்து நீங்களே மொழிபெயர்த்தால் 'மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது' என்று குறித்து, மூல வரியை அடிக்குறிப்பில் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மூன்றாம் பக்கத்தில் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சொன்னதாக ஒரு மேற்கோள் வருகிறது. நிவாரண வேலையாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வைத்த கூலியை எதிர்த்து வாதாடியவர் அவர். மேற்கோளுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் சான்று கார்னிஷின் அறிக்கை. அந்த அறிக்கையை நீங்கள் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மேற்கோள் நடுவே உள்ள விடுபாட்டுப் புள்ளிகள்கூட ஒரு தமிழ் நூலில் உள்ளபடியே இருக்கின்றன. கண்ணால் காணாத ஒன்றைக் கண்டதாக எழுதக் கூடாது. 'கார்னிஷ் கூற்று, இன்னார் நூலில் எடுத்தாண்டபடி, இந்தப் பக்கம்' என்று எழுதுங்கள். இதில் வெட்கம் எதுவும் இல்லை. அந்தத் தமிழ் நூலாசிரியர் டிக்பியிடமிருந்து எடுத்திருந்தால், டிக்பி நூலைத் திறந்து மேற்கோள் சரிதானா என்று பார்த்துவிடுங்கள். டிக்பியை நம்பும்போதும் அவர் யார் என்பதை நினைவில் வையுங்கள். அவர் மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியர், பஞ்ச நிவாரண நிதிக் குழுவின் செயலாளர், அரசின் போக்கைக் கண்டித்தவர். அவர் தரும் தகவலின் மதிப்பு இதனால் குறையாது. ஆனால் அவர் எங்கே நின்று பார்த்தார் என்று வாசகருக்குச் சொல்ல வேண்டும். டெம்பிள் பக்கத்து ஆவணங்களுக்கும் இதே அளவுகோல்தான்.

கடைசிப் பக்கத்தில் முகவரிகளை வரிசையாக அடுக்குவது ஏன் போதாது என்பது இப்போது தெரிந்திருக்கும். எந்த வாக்கியம் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று படிப்பவர் அறிய வழியில்லை. சான்றை வாக்கியத்தின் அருகிலேயே காட்டுங்கள். நூலுக்கு ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம். இணையப் பக்கத்துக்கு எழுதியவர், தலைப்பு, தளம், நீங்கள் பார்த்த தேதி. நிறுத்தற்குறிகளை எங்கே போடுவது என்பதை உங்கள் துறை சொல்லும் முறைப்படி செய்யுங்கள், முதல் பக்கம் முதல் கடைசிவரை ஒரே முறை இருந்தால் போதும். தமிழ் நூல்களில் மட்டும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். நாட்டுடைமையான நூல்களைப் பல பதிப்பகங்கள் வெளியிட்டிருப்பதால் ஒவ்வொன்றிலும் பக்க எண் வேறுபடும், ஆகவே நீங்கள் கையில் வைத்திருந்த பதிப்பையே குறியுங்கள், முதல் பதிப்பின் ஆண்டையும் அருகில் சேருங்கள். தலைப்பெழுத்தை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பதிலும் ஒரே முடிவாக இருங்கள், இல்லையேல் ஒரே ஆசிரியர் பட்டியலில் இரண்டு பேராகிவிடுவார்.

நான்காம் பக்கத்தில் ஒரு புகைப்படம் வைத்திருக்கிறீர்கள், எலும்பும் தோலுமாக ஒரு குடும்பம். 'நன்றி: கூகுள்' என்று கீழே போட்டிருக்கிறீர்கள். கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்கள் இன்று இணையம் முழுவதும் சுற்றுகின்றன. 1943 வங்கப் பஞ்சம் என்ற தலைப்போடும் அவை உலவுகின்றன. உங்கள் படம் அவருடையதுதானா, எந்த நூலகமோ அருங்காட்சியகமோ அதை வைத்திருக்கிறது, அங்கே என்ன விளக்கம் எழுதியிருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு சேருங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் படத்தை எடுத்துவிடுங்கள். அந்த மனிதர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஊரையும் ஆண்டையுமாவது நாம் மாற்றி எழுதாமல் இருப்போம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் பணியின் கடைசி நாட்களில் ஒரு மாணவர் ஐந்து நூல்களின் பட்டியலோடு வந்தார். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் கச்சிதமாக இருந்தன. இரண்டுதான் எங்கள் அட்டவணையில் இருந்தன. மற்ற மூன்றையும் நான் தேடிய எந்த நூலகத்தின் அட்டவணையிலும் காணவில்லை. அப்படிப்பட்ட நூல்களே இல்லை. செயலி இட்டுக்கட்டிக் கொடுத்திருந்தது. நீங்கள் திறந்து பார்க்காத எந்த நூலும் உங்கள் பட்டியலில் ஏறக் கூடாது.

இப்போது உங்கள் பாட்டி. தயவுசெய்து அந்தப் பாட்டைச் சேருங்கள், சிரிக்கிறவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியவில்லை என்று பொருள். ஆனால் மற்ற ஆதாரங்களைப்போலவே அதையும் மதித்து நடத்துங்கள். பாட்டியிடம் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லி, அச்சில் பெயர் வரலாமா என்று அவர் சம்மதம் கேளுங்கள். அவர் நிதானமாக இருக்கும் நேரத்தில் செல்பேசியில் பதிவு செய்யுங்கள். முதலில் குறுக்கிடாமல் முழுதும் பாடவிடுங்கள், பிறகு ஒவ்வோர் அடியாகக் கேளுங்கள். அவர் சொன்ன சொல் எப்படியோ அப்படியே எழுதுங்கள். இலக்கணம் திருத்தாதீர்கள், புரியாத சொல்லுக்கு நீங்களாகப் பொருள் ஊகிக்காமல் அவரிடமே கேளுங்கள். பாட்டை யாரிடம் கற்றார், எந்த ஊரில், எந்த வயதில், எந்த வேலை நடக்கும்போது பாடுவார்கள் என்பதை எல்லாம் கேளுங்கள். பாட்டை விடவும் இந்தப் பதில்கள் சில வேளை உங்களுக்கு அதிகம் சொல்லும்.

பிறகு ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போங்கள். பஞ்சத்தைப் பற்றிய கும்மிகளும் சிந்துகளும் அந்த நாளிலேயே மலிவான சிறு நூல்களாக அச்சாகிக் கடைத்தெருக்களில் விற்றன. குஜிலி நூல்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். பாட்டி பாடும் அடிகள் அச்சு நூல் ஒன்றில் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இருந்தால், அச்சில் வந்த பாட்டு எழுதப் படிக்கத் தெரியாத வாய்களில் தங்கி, தலைமுறை தாண்டி எப்படி உங்கள் வீடுவரை வந்தது என்று கேட்கலாம். எந்த அடி மாறியது, எந்த ஊர்ப் பெயர் புதிதாக நுழைந்தது என்றும் பார்க்கலாம். இல்லாவிட்டால், காகிதத்தில் ஏறாத ஒரு சாட்சியம் உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் இதையும் மறக்காதீர்கள்: பாட்டி பஞ்சத்தைக் கண்டவர் அல்லர், கண்டவர்களின் வழிவந்தவர்களிடம் கேட்டவர். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குப் பாட்டு ஆதாரம் ஆகாது. பஞ்சத்தை மக்கள் எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதற்கு அதைவிட நெருக்கமான ஆதாரம் கலெக்டரின் கடிதக் கட்டில் கிடைக்காது.

நூற்பட்டியலில் நேர்காணல்கள் என்று தனித் தலைப்பிட்டு, பாட்டியின் முழுப்பெயர், வயது, ஊர், பாடிய நாள், பதிவின் நீளம் ஆகியவற்றை எழுதுங்கள். 'என் பாட்டி' என்று மட்டும் போடாதீர்கள். ரிச்சர்ட்ஸுக்கும் லெ ஃபானுவுக்கும் பெயர் இருக்கும்போது அவருக்கும் இருக்க வேண்டும். பதிவின் ஒரு படியைக் கல்லூரி நூலகத்தில் கொடுத்து, அவர்கள் தரும் எண்ணையும் அடிக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

திருத்திய பக்கங்களை அனுப்பினால் படிக்கக் காத்திருக்கிறேன். பாட்டியின் பதிவை முதலில் செய்யுங்கள், எழும்பூர்ப் பயணம் அதற்கு அடுத்த வாரம் இருக்கட்டும்.